மின்னஞ்சல் லொத்தர் மோசடி: ஏமாந்தவரின் மௌனமே மோசடிக்காரரின் மூலதனம்

டோஸ்ட்ருப், டென்மார்க்

வாங்காத சீட்டுக்குப் பெரும் பரிசு விழுந்திருப்பதாக மின்னஞ்சல் வழியே அறிவித்து, அந்தப் பரிசை விடுவிப்பதற்கான கட்டணம் என்ற பெயரில் பணம் பறிக்கும் மோசடி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் நடைபெற்று வருகிறது. மத்திய வங்கிகள், பொலிஸார், லொத்தர் நிறுவனங்கள் எனப் பல தரப்பினரும் இதுகுறித்து எச்சரித்து வந்துள்ளனர். எனினும் மோசடி ஓயவில்லை. மின்னஞ்சலில் தொடங்கியது இன்று குறுஞ்செய்திக்கும் வாட்ஸ்அப்புக்கும் பரவியிருக்கிறது.

இது ஏன் ஓயவில்லை என்ற கேள்விக்கு நம்மிடையே வழக்கமாகத் தரப்படும் பதில் "பேராசை பெருநட்டம்" என்ற பழமொழிதான். ஆனால் இந்த மோசடியின் வரலாற்றையும் அது செயற்படும் விதத்தையும் உற்று நோக்கினால், ஏமாந்தவரின் ஆசையைக் காட்டிலும், ஏமாந்த பின்னர் அவர் காக்கும் மௌனமே மோசடிக்காரர்களுக்குப் பெரிதும் உதவுகிறது என்பது தெரியவரும். அந்த மௌனத்தை வலுப்படுத்துவதில் மேற்கூறிய பழமொழிக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

பழைய கடிதம், புதிய உறை

கட்டணத்தை முன்கூட்டியே கேட்டு ஏமாற்றும் முறை இணையத்தோடு பிறந்தது அல்ல. குற்றவாளியாக இருந்து பிரெஞ்சுப் பொலிஸின் துப்பறியும் அதிகாரியாக மாறிய விடோக், 1828 ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய தமது நினைவுக் குறிப்புகளில், சிறைக் கைதிகள் செல்வந்தர்களுக்குக் கடிதம் எழுதி, மறைத்துவைக்கப்பட்ட செல்வத்தை மீட்க முன்பணம் கேட்ட கதையைப் பதிவு செய்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே உத்தி "ஸ்பானியக் கைதி" என்ற பெயரால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அறியப்பட்டது.

1980களில் நைஜீரியாவிலிருந்து தபாலிலும் தொலைநகலிலும் வந்த கடிதங்கள் இதன் அடுத்த வடிவம். அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் ஏமாற்றுதலைக் குறிக்கும் 419 ஆம் பிரிவின் எண்ணே மோசடியின் பெயராகவும் நிலைத்தது. 1995க்கும் 1998க்கும் இடையில், இல்லாத விமான நிலையம் ஒன்றின் கட்டுமான ஒப்பந்தத்தைக் காட்டி, பிரேசிலின் பாங்கோ நோரோயெஸ்டே வங்கியிலிருந்து 24 கோடி 20 இலட்சம் டொலர் பறிக்கப்பட்டது. அந்தப் பணத்தைப் படிப்படியாக அனுப்பியவர் அந்த வங்கியின் மூத்த அதிகாரி ஒருவரே. இந்த வழக்கில் முக்கிய குற்றவாளியான இம்மானுவேல் நுவூடே 2005 ஆம் ஆண்டு நைஜீரியாவில் தண்டிக்கப்பட்டார். கல்வியறிவோ நிதித்துறை அனுபவமோ தானாகவே பாதுகாப்பு அளித்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2000களில் மின்னஞ்சல் பரவலானபோது, ஒப்பந்தத்தின் இடத்தை லொத்தர் பிடித்துக்கொண்டது. 2005 ஜூலையில் ஸ்பெயினின் மலாகா பகுதியில் பொலிஸார் நடத்திய "நைல்" என்ற பெயரிலான நடவடிக்கையில் 300க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். புகழ்பெற்ற ஸ்பானிய லொத்தரின் பெயரால் கடிதங்களும் மின்னஞ்சல்களும் அனுப்பி, 40க்கும் மேற்பட்ட நாடுகளில் 20,000க்கும் அதிகமானோரை இந்தக் குழுவினர் ஏமாற்றியதாகப் பொலிஸார் அப்போது தெரிவித்தனர். ஆயினும் கைதுகளால் மோசடி நின்றுவிடவில்லை; இடம் மாறியது. ஜமைக்காவில் தொலைபேசி வழி லொத்தர் மோசடி பெருகியதால், அதற்கெனவே 2013 ஆம் ஆண்டு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் பிரபல தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சியான "கோன் பனேகா குரோர்பதி"யின் பெயரில் 25 இலட்சம் ரூபாய் பரிசு எனக் கூறும் வாட்ஸ்அப் செய்திகள் பல ஆண்டுகளாக உலவி வருகின்றன.

சீட்டை வைத்திருப்பவரே பரிசைத் தேடிச் செல்வார்

லொத்தர் உண்மையில் எவ்வாறு நடக்கிறது என்பதை நினைவில் கொண்டால், இத்தகைய மின்னஞ்சல்களின் பொய்மை எளிதில் விளங்கும்.

தமிழகத்தில் 1968 ஆம் ஆண்டு அரசுப் பரிசுச் சீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2003 ஜனவரியில் அம்மாநிலத்தில் லொத்தர் விற்பனை தடை செய்யப்படும் வரை, தேநீர்க் கடையில் நாளிதழை விரித்துச் சீட்டின் எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பது அன்றாடக் காட்சியாக இருந்தது. இலங்கையில் 1963 முதல் தேசிய லொத்தர் சபை சீட்டுகளை விற்று வருகிறது. இவை எல்லாவற்றிலும் ஒரு பொது விதி உண்டு. சீட்டை வாங்கியவர் யார் என்பது அதை நடத்தும் நிறுவனத்துக்குத் தெரியாது. பரிசுக்குரிய எண் மட்டுமே அறிவிக்கப்படும். சீட்டை வைத்திருப்பவரே பரிசைத் தேடிச் செல்ல வேண்டும். 1812 முதல் நடைபெற்று வரும் ஸ்பெயினின் கிறிஸ்துமஸ் லொத்தரும், இன்றும் தாள் வடிவில் விற்கப்படும் கேரள அரசின் லொத்தரும் இவ்வாறுதான் இயங்குகின்றன.

இணையத்தில் பதிவு செய்து விளையாடும் முறை டென்மார்க் போன்ற நாடுகளில் இருப்பது உண்மையே. அங்கு பரிசு விழுந்தால் நிறுவனமே அறிவிப்பதும் உண்டு. ஆனால் அவ்வாறு அறிவிக்கப்படுபவர், ஏற்கனவே தம்முடைய பெயரில் கணக்குத் திறந்து, பணம் செலுத்தி விளையாடியவர். மின்னஞ்சல் முகவரிகளைக் குலுக்கிப் போட்டு, முன்பின் அறியாத ஒருவருக்குக் கோடிக்கணக்கில் பரிசு வழங்கும் லொத்தர் எதுவும் உலகில் இல்லை.

அடுத்து, வரி என்ற பெயரில் கேட்கப்படும் பணம். பிரிட்டனிலும் கனடாவிலும் லொத்தர் பரிசுத் தொகைக்கு வருமான வரியே கிடையாது. இந்தியாவில் 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுகளுக்கான 30 சதவீத வரியைப் பரிசு வழங்குபவரே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க வேண்டும். டென்மார்க்கிலும் பரிசுக்கான வரி வெற்றியாளரின் கைக்குப் பணம் வந்து சேரும் முன்பே கழிக்கப்படுகிறது. ஆக, இந்த நாடுகள் எதிலும், பரிசைப் பெறுவதற்கு முன்னர் வெற்றியாளர் தம் கையிலிருந்து வரி கட்டும் நடைமுறை இல்லை.

படிப்படியாக ஏறும் கட்டணம்

இந்த மோசடியில் முதல் மின்னஞ்சலை அனுப்புவதற்குச் செலவு ஏறக்குறைய எதுவுமில்லை. அதில் குலுக்கல் எண், தொகுதி எண், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கும். குறிப்பிட்ட நாட்களுக்குள் உரிமை கோர வேண்டும் என்ற கெடுவும், பணம் கைக்கு வரும் வரை எவரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையும் தவறாமல் இடம்பெறும். இரட்டை உரிமைகோரலைத் தவிர்ப்பதற்காகவே இந்த இரகசியம் என்று விளக்கமும் தரப்படும். குடும்பத்தினரோ நண்பரோ வங்கி ஊழியரோ குறுக்கிட்டுத் தடுத்துவிடக் கூடாது என்பதே அதன் உண்மையான நோக்கம்.

பதில் எழுதியவரிடம் பெயர், வயது, தொழில், கடவுச்சீட்டின் பிரதி ஆகியவை கேட்கப்படும். பணமே அனுப்பாவிட்டாலும், இந்த விவரங்களைக் கொண்டு அவருடைய பெயரில் வேறு மோசடிகளைச் செய்ய முடியும். பின்னர் முதற் கட்டணம் வரும். அது பெரும்பாலும் சிறிய தொகையாகவே இருக்கும். அதைச் செலுத்தியதும் காப்புறுதிக் கட்டணம், வரி, பணம் சட்டபூர்வமானது என்ற சான்றிதழுக்கான கட்டணம் என ஒவ்வொன்றாகத் தொடரும். சில வேளைகளில் போலியான வங்கி இணையதளம் ஒன்றில் பரிசுத் தொகை முழுவதும் வரவு வைக்கப்பட்டிருப்பதாகக் காட்டப்படும். அதை எடுக்க முயன்றால் மேலும் ஒரு கட்டணம் நிலுவையில் இருப்பதாகச் செய்தி வரும்.

இந்தக் கட்டத்தில் ஏமாறுபவரை இயக்குவது பேராசை என்று கூறுவது சரியாகாது. ஏற்கனவே கொடுத்த பணம் வீணாகிவிடக் கூடாதே என்ற பதைப்பே அவரை அடுத்த கட்டணத்தைச் செலுத்த வைக்கிறது. கடன் வாங்கிக் கட்டியவரால் கடனை அடைக்கவேனும் அந்தப் பரிசை நம்பாமல் இருக்க முடிவதில்லை.

வேறொரு வகையில், பரிசின் ஒரு பகுதி எனக் கூறிக் காசோலை ஒன்று அனுப்பப்படும். அதை வங்கியில் போட்டுவிட்டுக் கட்டணத்தை மட்டும் திருப்பி அனுப்புமாறு கேட்பார்கள். சில நாடுகளில் காசோலை உண்மையானதா என உறுதியாகும் முன்னரே வங்கி அத்தொகையைக் கணக்கில் காட்டிவிடும். வாரங்கள் கழித்து அது போலி எனத் தெரியவரும்போது, அனுப்பிய பணத்துக்குக் கணக்கின் உரிமையாளரே பொறுப்பு.

இறுதிக் கட்டம் மிகவும் கொடியது. ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது. சில மாதங்களில், நைஜீரியாவின் பொருளாதாரக் குற்றத் தடுப்பு ஆணையம் என்றோ, அமெரிக்கப் புலனாய்வுத் துறை என்றோ, ஐக்கிய நாடுகள் சபையின் இழப்பீட்டுப் பிரிவு என்றோ சொல்லிக்கொண்டு வேறு சிலர் தொடர்புகொள்வார்கள். இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகக் கூறி, அதற்கும் ஒரு கட்டணம் கேட்பார்கள்.

அபத்தமான கதை ஏன்?

இத்தகைய மின்னஞ்சல்கள் ஏன் இவ்வளவு அபத்தமாக இருக்கின்றன என்று பலரும் வியப்பதுண்டு. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி 2012 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மின்னஞ்சல் அனுப்புவது மலிவானது. பதில் எழுதியவரோடு தொடர்ந்து உரையாடி அவரை நம்ப வைப்பதே செலவு மிகுந்தது. எனவே, சந்தேகப்படக் கூடியவர்களைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடும் சல்லடையாக அந்த அபத்தம் பயன்படுகிறது என்பது அவர் முன்வைத்த வாதம்.

இதிலிருந்து பெறப்படும் ஒரு முடிவு முக்கியமானது. அந்த மின்னஞ்சலைப் பார்த்துச் சிரித்து அழித்துவிடுபவர் மோசடிக்காரரின் இலக்கே அல்லர். தனிமையில் இருப்பவர், கடன்பட்டவர், அண்மையில் நோயையோ இழப்பையோ சந்தித்தவர், இணையத்துக்குப் புதியவர் ஆகியோரே இலக்கு. நாம் ஏமாறவில்லை என்பதால் அவர்களும் ஏமாந்திருக்கக் கூடாது என்று வாதிடுவது பொருளற்றது.

மேலும், எழுத்துப் பிழைகளைக் கொண்டு மோசடியை அடையாளம் காணலாம் என்ற பழைய அறிவுரை இன்று செல்லுபடியாகாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் துணையுடன் பிழையற்ற டேனிஷ் மொழியிலோ தமிழிலோ எவரும் கடிதம் எழுத முடியும். மொழியை விட்டுவிட்டு, கடிதம் என்ன கேட்கிறது என்பதையே பார்க்க வேண்டியுள்ளது.

பணம் அனுப்பப் பழகிய சமூகம்

புலம்பெயர் தமிழர்களைப் பொறுத்தவரை இந்த மோசடிக்குச் சில தனிப் பரிமாணங்கள் உண்டு. 1983 ஆம் ஆண்டின் வன்முறைகளுக்குப் பின்னர் இலங்கையிலிருந்து டென்மார்க்குக்கு வந்த தமிழர்கள், பின்னால் தங்கிவிட்ட உறவினருக்குப் பணம் அனுப்புவதைக் கடமையாகக் கருதி வாழ்ந்தவர்கள். அவசரம் என்று தொலைபேசி அழைப்பு வந்தால், காரணம் கேட்பதுகூட மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதுண்டு. முகம் தெரியாத முகவர் வழியாகத் தொலைதூரத்துக்குப் பணம் அனுப்புவது இச்சமூகத்துக்குப் புதிதல்ல. உண்டியல் முறையும் சீட்டுப் பிடித்தலும் வாய்ச்சொல்லின் மீதான நம்பிக்கையிலேயே இயங்கி வந்தன.

நல்ல நோக்கத்தில் பிறந்த இந்த வழக்கங்கள் மோசடிக்காரருக்கு வசதியாகிவிடக் கூடும். ஊரில் இருப்பவர் பரிசுக்கான கட்டணத்தைக் கட்டுவதற்கு வெளிநாட்டில் உள்ளவரிடம் வேறு காரணம் கூறிப் பணம் பெறலாம். இங்குள்ளவர் ஊரில் உள்ளவரின் வங்கிக் கணக்கைப் பயன்படுத்தச் சொல்லலாம். இரண்டிலும் இழப்பு ஒருவரோடு நிற்காது, குடும்பம் முழுவதையும் பிணைக்கும். உண்டியல் வழியாகச் சென்ற பணத்துக்கோ பற்றுச்சீட்டு இருப்பதில்லை; பின்னர் முறையிட ஆதாரமும் இருப்பதில்லை.

உண்மையான குலுக்கல் ஒன்றின் அனுபவமும் இலங்கையர்களுக்கு உண்டு. அமெரிக்காவின் பன்முகத்தன்மை விசாவுக்குக் குலுக்கல் முறையில் ஆட்களைத் தெரிவு செய்யும் திட்டத்துக்கு இலங்கையிலிருந்து பலரும் பல ஆண்டுகளாக விண்ணப்பித்து வந்தனர். அதன் பெயரிலும் போலி மின்னஞ்சல்கள் பரவின. அத்திட்டத்தில் கூட, தெரிவானவர்களுக்கு அமெரிக்க அரசு மின்னஞ்சலில் தகவல் அனுப்பிப் பணம் கேட்டதில்லை. விண்ணப்பதாரரே அரசின் இணையதளத்துக்குச் சென்று தம் நிலையை அறிய வேண்டியிருந்தது.

சட்டத்தின் எல்லைகள்

பணம் போன பிறகு சட்டம் எந்த அளவுக்கு உதவும் என்பதில் ஏமாற்றமே மிஞ்சுகிறது. ஒருவரின் வங்கி அட்டை திருடப்பட்டுப் பணம் எடுக்கப்பட்டால், ஐரோப்பிய நாடுகளில் இழப்பின் பெரும்பகுதியை வங்கி ஏற்பதே விதி. ஆனால் அவரே மனமொப்பி அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவர்களுக்கு 85,000 பவுண்ட் வரை வங்கிகள் ஈடுசெய்ய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது உள்நாட்டுப் பணமாற்றங்களுக்கு மட்டுமே பொருந்தும். லொத்தர் கட்டணமோ பெரும்பாலும் எல்லை கடந்து செல்வது.

இந்தியாவில் 2000 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகளின்படி, லொத்தர் சீட்டு வாங்குவதற்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதே தடை செய்யப்பட்டது. 2010 மே மாதம் இந்திய ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கை, லொத்தர் பரிசு என்ற பெயரில் கட்டணம் வசூலிக்கத் திறக்கப்படும் கணக்குகள் குறித்து வங்கிகளை எச்சரித்தது. ரிசர்வ் வங்கியின் பெயராலேயே போலி மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டதையடுத்து, தனிநபர்களுக்குத் தான் கணக்கு வைத்திருப்பதில்லை என்றும் அவ்வங்கி அறிவிக்க வேண்டியதாயிற்று. இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

பணத்தைக் கடத்தித் தரும் நிறுவனங்களின் பொறுப்பும் கேள்விக்குள்ளாகியுள்ளது. 2017 ஜனவரியில் வெஸ்டேர்ன் யூனியன் நிறுவனம், தனது சேவை மோசடிகளுக்குப் பயன்படுத்தப்பட்டது தொடர்பான வழக்கில், 58 கோடி 60 இலட்சம் டொலர் செலுத்த அமெரிக்க அதிகாரிகளுடன் உடன்பட்டது. அந்தத் தொகையிலிருந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு வழங்கப்பட்டது. ஆனால் ஈடு கோரி விண்ணப்பிக்க, முதலில் தாம் ஏமாந்ததை ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மௌனமாக இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லாமற் போனது.

செய்யக் கூடியவை

அடையாளங்கள் பல இருந்தாலும், உறுதியானது ஒன்றே: பரிசைத் தருவதற்குப் பணம் கேட்பது. எந்தப் பெயரில், எவ்வளவு சிறிய தொகையைக் கேட்டாலும் அது மோசடியே. இரகசியம் காக்கச் சொல்வதும் அவசரப்படுத்துவதும் இதற்குத் துணையான அடையாளங்கள். அனுப்பியவரின் பெயர் பெரிய நிறுவனமாக இருந்தும், பதில் அனுப்ப வேண்டிய முகவரி இலவச மின்னஞ்சல் சேவை ஒன்றினுடையதாக இருந்தால் ஐயத்துக்கே இடமில்லை.

இத்தகைய மின்னஞ்சலுக்குப் பதில் எழுதக் கூடாது; கேலியாகக் கூட எழுத வேண்டியதில்லை. அதில் உள்ள இணைப்புகளை அழுத்தவோ, மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அழைத்து உண்மையை விசாரிக்கவோ கூடாது. டென்மார்க்கில் அரச நிறுவனங்களின் கடிதங்கள் பாதுகாப்பான டிஜிட்டல் போஸ்ட் வழியாகவே வருகின்றன. மிட் ஐடி எனப்படும் மின்னணு அடையாளத்தின் கடவுச்சொல்லையோ அனுமதியையோ எந்த லொத்தர் நிறுவனமும் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ கேட்காது.

பணம் அனுப்பிவிட்டால், முதலில் வங்கிக்கு அறிவிக்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் அறிவித்தால் பணமாற்றத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு. மின்னஞ்சல்களையும் பற்றுச்சீட்டுகளையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். டென்மார்க்கில் பொலிஸாரின் இணையதளத்திலும் 114 என்ற எண்ணிலும், இந்தியாவில் 1930 என்ற எண்ணிலும் முறையிடலாம். தமது கணக்கைப் பிறர் பணத்துக்காகக் கொடுத்தவர்கள் இன்னும் விரைந்து செயற்பட வேண்டும். அறியாமல் செய்ததாகக் கூறினாலும், அது பணச்சலவைக் குற்றமாகப் பார்க்கப்படக் கூடும்.

இவை தனிமனிதர் செய்யக் கூடியவை. சமூகம் செய்ய வேண்டியது வேறொன்று. தமிழ்ப் பாடசாலைகள், ஆலயங்கள், முதியோர் சங்கங்கள் ஆகியவற்றில் இந்த மோசடி குறித்துப் பேசும்போது, ஏமாந்தவரை நகைப்புக்குரியவராகச் சித்திரிக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். பெற்றோர் ஒருவர் தமக்கு வந்த கடிதத்தைத் தயக்கமின்றிப் பிள்ளையிடம் காட்டக்கூடிய வீட்டில், எவரிடமும் சொல்லாதே என்ற மோசடிக்காரரின் நிபந்தனை தானாகவே முறிந்துவிடுகிறது. ஊரிலிருந்து அவசரமாகப் பணம் கேட்கும் உறவினரிடம் "எதற்கு?" என்று கனிவோடு கேட்பதும் அவ்வாறே.

பேராசையைக் கண்டிக்கும் பழமொழி, ஏமாறும் முன்னர் எச்சரிக்கையாக அமையலாம். ஏமாந்த பின்னர் அதையே எடுத்துச் சொன்னால், அடுத்த கட்டணத்தையும் ஒருவர் இரகசியமாகவே கட்டும்படி செய்துவிடும். மோசடிக்காரர்கள் எங்கோ தொலைவில், நமது சட்டங்களுக்கு எட்டாத இடத்தில் இருக்கலாம். அவர்கள் நம்பியிருக்கும் மௌனம் நமது வீடுகளுக்குள் இருக்கிறது. அதைக் கலைப்பதற்கு எந்த நாட்டுப் பொலிஸாரின் ஒத்துழைப்பும் தேவையில்லை.